எஸ்டீம் 1.3: இன்ஜின் இறக்கப் போகிறேன், ஒன்றரை லட்சத்துக்குள் எந்த வேலை சரி?

ஈரோடு_எஸ்டீம்

வணக்கம். 2004 எஸ்டீம் விஎக்ஸ்ஐ, 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ. 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கிறது. சூடான இன்ஜினில் நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் (அழுத்தம்) வரிசையாக 11.5, 11, 9.5, 11 கிலோ. எப்படியும் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குகிற செலவு செய்யும்போதே கொஞ்சம் இழுவையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொல்லப்பட்ட வழிகள் மூன்று. பழைய பலேனோவின் 1.6 இன்ஜினைப் சென்னை புதுப்பேட்டையில் வாங்கி மாட்டுவது. இருக்கிற இன்ஜினுக்கு சின்ன டர்போ வைப்பது. இல்லையென்றால் இதே 1.3-ஐ ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்), கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) வேலை பார்ப்பது. வாரநாளில் ஆபீஸ், மாதம் ஒன்றிரண்டு தடவை பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதை. டிராக்குக்குப் போகும் எண்ணம் இல்லை. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம்தான். எதில் போடலாம்?

போரிங்_பட்டறை

மூணாவது வழிதான். காரணம் சொல்றேன்.

முதல்ல ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்சி புக்ல இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. 1298 சிசின்னு இருக்கிற ஆர்சியில 1590 சிசி இன்ஜின் வெச்சு ரோட்ல ஓட்டினா, விபத்து நடந்த அன்னைக்கு இன்சூரன்ஸ் கை விரிக்கும். உங்க வண்டி 15 வருஷம் தாண்டினது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும், அப்போ இன்ஜின் நம்பரைப் பார்ப்பாங்க. தினமும் ஆபீஸ் போற வண்டிக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

டர்போ வேண்டாம்னு சொல்றது பணத்தால. டர்போவோட விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ஆயில் போற லைன், திரும்பி வர்ற லைன், கிளட்ச், தனி ஈசியூன்னு வரிசையா வரும். அதுக்கு அப்புறம் உள்ள இருக்கிறது வார்ப்பு பிஸ்டன். ஒரே ஒரு தடவை நல்லா நாக் ஆனா (பெட்ரோல் கலவை தானா வெடிச்சா) ரெண்டாவது ரிங்குக்கு மேல இருக்கிற மேடு உடையும். ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின) பிஸ்டனுக்குப் போனா உங்க பட்ஜெட் அங்கேயே முடிஞ்சுது.

இப்போ உங்க கம்ப்ரெஷன். இந்தக் குடும்ப இன்ஜினுக்குப் புதுசுல 14 கிலோ, கடைசி எல்லை 11, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்கு மேல போகக் கூடாது. உங்க மூணாவது சிலிண்டர் ரெண்டு விதத்துலயும் தவறிடுச்சு. இறக்கறதுக்கு முன்னாடி அந்த சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்க. ஏறினா தேய்ஞ்சது ரிங், போர். ஏறலைன்னா வால்வு சீட்டோ கேஸ்கெட்டோ. ஹெட்டுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு இதுலயே தெரியும்.

பிளாக் வேலை: போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழ போற தூரம்) 75.5. இத்தனை கிலோமீட்டருக்கு 0.25 ஓவர்சைஸ் பெரும்பாலும் போதாது, மேல் பகுதி தேய்மானம் அதைத் தாண்டியிருக்கும். 0.50 பிஸ்டன் செட் கையில வாங்கின பிறகுதான் பட்டறைக்குப் போங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து அந்தந்த போரை அதுக்கேத்த மாதிரி முடிக்கணும். "0.50 போர் பண்ணிக் கொடுத்துட்டோம், நீங்க பிஸ்டன் வாங்கிப் போட்டுக்கோங்க"ன்னு சொல்ற இடத்துல வேலை கொடுக்காதீங்க. வார்ப்பு பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல 0.03லிருந்து 0.04 மி.மீ. இடைவெளி. கடைசி ஹோனிங்ல (கல் வெச்சு சிலிண்டர் சுவரைத் தேய்க்கறது) குறுக்குக் கோடு 45 டிகிரி ஒட்டி வரணும். அது முடிஞ்சதும் பெட்ரோலால துடைச்சா மட்டும் பத்தாது. சோப்புத் தண்ணியும் பிரஷும் போட்டுத் தேய்ச்சு, வெள்ளைத் துணியால துடைச்சா கறுப்பு வரக் கூடாது. அந்தக் கறுப்பு ஹோனிங் கல்லோட தூள். புது ரிங்கை 5,000 கி.மீ.ல தின்னுடும்.

டாப் ரிங்கை போருக்குள்ள தலைகீழ் பிஸ்டனால தள்ளி நேரா உட்கார வெச்சு ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இடைவெளி பாருங்க. 0.30லிருந்து 0.35 வரைக்கும் சரி. மெயின், பிக் எண்ட் பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் (நசுக்கி அளக்கிற பிளாஸ்டிக் இழை) வெச்சு அளங்க. ஜர்னல் (பேரிங் உட்கார்ற கிராங்க் பகுதி) விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045, அதை மனசுல வெச்சுக்கலாம். பெருசா இருந்தா கிராங்க் கிரைண்டிங், அண்டர்சைஸ் பேரிங். ஆயில் பம்ப் ரோட்டர் கீறியிருந்தா புதுசு போடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க. தண்ணி பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர் மூணும் இப்பவே மாத்திடணும்.

ஜிப்சி கிங், வெர்சா, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல் எல்லாமே இதே 1298 சிசி குடும்பம்தான், அதனால பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனா குடும்பம் ஒண்ணுங்கறதால எல்லாம் அப்படியே மாறிக்கும்னு நினைக்காதீங்க. பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்க.

கரி_டிராக்

பட்டறை அண்ணன் சொன்னது ரோட்டு வண்டிக்குச் சரி. 1.6 பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், இந்த இழையைத் தேடி வருகிறவர்களில் டிராக் வண்டி கட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ மட்டும் ஓடப் போகிற, டிரெய்லரில் ஏற்றிப் போகிற வண்டி என்றால் பலேனோ இன்ஜின் நல்ல தேர்வு. போர் 75, ஸ்ட்ரோக் 90. கீழ்ச்சுற்றில் 1.3 கொடுக்கவே முடியாத டார்க் அந்த நீள ஸ்ட்ரோக்கில் வருகிறது. ஆனால் அதே ஸ்ட்ரோக்தான் அதன் எல்லையும். 7,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 21 மீட்டர். 1.3-ல் அதே சுற்றில் 17.6தான். 1.6-ஐ 6,500-க்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராட் போல்ட்தான் முதலில் சொல்லும். போர் 0.50 ஏற்றினால் 1612 சிசி ஆகிவிடும். 1600 சிசி வரம்பு உள்ள பிரிவில் ஓடுவதானால் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் போர் செய்யுங்கள்.

மாட்டுவதும் சொல்கிற அளவுக்கு எளிதில்லை. ஸ்ட்ரோக் 14.5 மி.மீ. அதிகம் என்பதால் பிளாக்கும் உயரம். பானட்டுக்கு அடியில் இடம், மவுண்ட், எக்ஸாஸ்ட் இறங்கும் கோணம், டைமிங் பெல்ட் நீளம் எல்லாம் மாறும். பழைய இன்ஜின் வாங்குகிறவர் வயரிங், ஈசியூ, சென்சார் முழுவதும் அதே வண்டியிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அவை இல்லாமல் வெறும் இன்ஜின் மலிவாகக் கிடைத்தால் அது மலிவே இல்லை. அதோடு அந்த இன்ஜினையும் பிரித்து இதே ரீபோர், பேரிங் வேலை பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கடைசி பலேனோவே 2007-இல் வந்தது.

மேப்_மேசை

நண்பரே, 1.3 என்று முடிவானால் எதிர்பார்ப்பை முதலில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்தது 85 பிஎச்பி. ஹெட் வேலை, மிதமான கேம், 4-2-1 ஹெடர் (நான்கு எக்ஸாஸ்ட் குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது), சரியான மேப் (ஈசியூவின் பெட்ரோல், இக்னிஷன் அட்டவணை) எல்லாம் சேர்ந்தால் 100 முதல் 105 வரை நியாயமான இலக்கு. வண்டி எடை ஏறத்தாழ 875 கிலோதான். டன்னுக்கு 97 பிஎச்பி இருந்தது 120-ஐத் தொடும். அந்த வித்தியாசம் திம்பத்தின் 27 கொண்டை ஊசியிலும் தெரியும்.

கேம்: பழைய கேமையே மறுபடி கிரைண்ட் செய்து தருவார்கள். லிஃப்டை (வால்வைத் திறக்கும் உயரத்தை) 0.8 மி.மீ. கூட்ட வேண்டுமென்றால் அடிவட்டத்தை அந்த அளவு செதுக்குவார்கள். அந்த இடைவெளியை ராக்கரின் டேப்பெட் ஸ்க்ரூ ஏற்றுக்கொள்ளும், ஆனால் ராக்கர் பேட் கேமைத் தொடும் இடம் நகரும். அதற்குமேல் போனால் பேட்டின் ஓரம் உரசத் தொடங்கும். செதுக்கியபின் நைட்ரைடிங் செய்தார்களா என்று கேளுங்கள். கடினப்படுத்தாத லோபில் ராக்கர் சில ஆயிரம் கிலோமீட்டரில் குழி பறித்துவிடும். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) 250 டிகிரி சுற்றுவட்டத்தில் இருக்கட்டும். 270-க்கு மேல் போனால் ஐடில் குலுங்கும், உங்கள் ஈசியூ காற்றை இன்டேக் அழுத்த சென்சாரை வைத்துக் கணக்கிடுகிறது, ஓவர்லேப் (இரு வகை வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) கூடினால் ஐடில் வெற்றிடம் ஆடும், அது பெட்ரோலைத் தப்பாக ஊற்றும். பிரேக் பூஸ்டருக்கும் வெற்றிடம் குறையும், மலை இறங்கும்போது அது விளையாட்டில்லை.

ஹெட்: வால்வு சீட்டை 30-45-60 மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். சீட்டுக்குப் பின்னால் முதல் 10 மி.மீ. பகுதியில் இருக்கும் மேட்டை மட்டும் தேய்த்து மென்மையாக்கினால் போதும். போர்ட்டைக் குடைந்து பெரிதாக்காதீர்கள். 1.3-க்கு அந்தப் போர்ட் போதுமானது. பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து 3,000-க்குக் கீழ் இழுவை செத்துப்போகும், ஆபீஸ் போகும் வண்டிக்கு அங்கேதான் இழுவை தேவை. வால்வு கைடு ஆட்டம், ஸ்டெம் சீல் இரண்டையும் விடாதீர்கள், நீங்கள் சொல்லும் ஆயில் செலவில் பாதி அங்கேயும் இருக்கலாம்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பற்றி யாரும் சொல்லவில்லை. 2004-இல் இந்த ஈசியூ சுத்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. சரியான காற்று-பெட்ரோல் விகிதம் அப்போது 14.7, இ20-க்கு ஏறத்தாழ 13.5. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் சென்சார் பேச்சை ஈசியூ கேட்காது, அங்கே எட்டு சதவீதம் வறட்சியாக (பெட்ரோல் குறைவாக) ஓடும். கம்ப்ரெஷனும் கேமும் ஏற்றிய இன்ஜின் அங்கேதான் பிஸ்டனை உருக்கும். ஆகவே மேப் செய்யாமல் ஹெட் வேலையோடு நிறுத்துவது பாதி வேலையைவிட மோசம். பிக்கிபேக் (பழைய ஈசியூவோடு சேர்க்கும் துணைப் பெட்டி) போதும். தனி ஈசியூவே வேண்டுமென்றால் ஸ்பீடுயினோ மலிவு, ஆனால் வயரிங் தெரிந்த ஆள் வேண்டும். எதுவானாலும் வைட்பேண்ட் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளப்பது) இல்லாமல் மேப் போடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா (சரியான விகிதத்தை 1 என்று வைத்த அளவு) 0.87 முதல் 0.89. இக்னிஷனைக் குறைவான இடத்தில் தொடங்கி இரண்டிரண்டு டிகிரியாக ஏற்ற வேண்டும். ஏற்றியும் இழுவை கூடவில்லையென்றால் இரண்டு டிகிரி பின்வாங்கி அங்கேயே நிறுத்த வேண்டும்.

இன்ஜெக்டர் கணக்கு: 105 பிஎச்பிக்கு, 85 சதவீதத் திறப்பில், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 162 சிசி. இ20-க்கு எட்டு சதவீதம் கூட்டினால் 175. பழைய இன்ஜெக்டர்களை அல்ட்ராசோனிக்கில் கழுவி ஃப்ளோ பார்த்து, நான்கும் மூன்று சதவீதத்துக்குள் ஒத்து வருகிறதா என்று ரிப்போர்ட் வாங்குங்கள். பெட்ரோல் ரப்பர் ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஈரோடு_எஸ்டீம்

மிக்க நன்றி. பலேனோ எண்ணத்தை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். இங்கே ஒருவர் ஹெட்டை 1 மி.மீ. செதுக்கினால் போதும், கம்ப்ரெஷன் விகிதம் தானாக 11 வரும் என்கிறார். இன்னொன்று, ஹெடர் 4-1 வகையில், இரண்டரை இஞ்ச் பைப்போடு தயாராகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

போரிங்_பட்டறை

ஒரு மி.மீ. "போதும்"னு அளக்காம சொல்றவர் கிட்ட ஹெட்டைக் கொடுக்காதீங்க தம்பி.

0.50 போருக்கு அப்புறம் ஒரு சிலிண்டரோட அளவு 329 சிசி. பிஸ்டன் மேலே இருக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 36.6 சிசி இருந்தா விகிதம் 10. 35.8 இருந்தா 10.2. 34.6 இருந்தா 10.5. பத்துக்கும் பத்தரைக்கும் நடுவுல ரெண்டே சிசிதான். அதனால அளக்காம இந்த வேலை நடக்காது. ஹெட்டைக் கவுத்து வெச்சு, வால்வும் பிளக்கும் மாட்டி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்ல சாயம் கலந்த மண்ணெண்ணெய் விடுங்க. காத்துக் குமிழி இல்லாம நிறைஞ்ச அளவுதான் சேம்பர். அதோட கேஸ்கெட் இடத்தைக் கூட்டுங்க, அழுந்தின பிறகு 1.2 மி.மீ. தடிமன், 75 மி.மீ. துளைன்னா 5.3 சிசி. பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு கீழ நிக்குதுன்னு டயல் கேஜ்ல பார்த்து அதையும் கூட்டுங்க. பிஸ்டன் தலையில இருக்கிற வால்வுக் குழியையும் மறந்துடாதீங்க.

ஹெட்ல 0.1 மி.மீ. எடுத்தா சுமாரா மூணுல ஒரு பங்கு சிசி குறையும். பிளாக் மேல எடுத்தா 0.4 சிசிக்கு மேலயே குறையும், அதோட ஸ்குவிஷ் இடைவெளியும் (பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிறது) இறுகும், நாக்கிங்குக்கு அது நல்லது. பிஸ்டன் ரொம்பக் கீழ நின்னா பிளாக்கைத்தான் முதல்ல பாருங்க. உங்க வண்டிக்கு 10லிருந்து 10.2 வரைக்கும் நிறுத்துங்க. 11 வேண்டாம். அடுத்த ஊர் பங்க்ல என்ன பெட்ரோல் கிடைக்கும்னு தெரியாது, மலை ஏத்தத்துல இன்ஜின் சூட்டோட மூணாவது கியர்ல முழு லோடுல நிக்கும்.

ஹெட்டைச் செதுக்கினா கேம் கிராங்க்குக்குக் கிட்ட வரும், அதனால கேம் டைமிங் பின்னுக்குப் போகும். 0.5 மி.மீ.க்கு கிராங்க் கணக்குல ஏறக்குறைய ஒரு டிகிரி. அட்ஜஸ்ட் பண்ற கேம் புல்லி போட்டா அதைத் திருத்திக்கலாம். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். களிமண் உருண்டையைப் பிஸ்டன் தலையில ஒட்டி, பழைய கேஸ்கெட்டோட ஹெட்டை இறுக்கி, கையால ரெண்டு சுத்து சுத்திப் பிரிச்சு, நசுங்கின இடத்தைக் கத்தியால வெட்டி அளங்க. இன்டேக் 1.5, எக்ஸாஸ்ட் 2 மி.மீ. இருக்கணும். புது கேம் போட்ட பிறகுதான் இதைச் செய்யணும், பழைய கேமோட பார்த்துப் புண்ணியமில்லை. ஸ்பிரிங் முழு லிஃப்ட்ல சுருள் முட்டாம 1 மி.மீ. மிச்சம் இருக்கணும்.

ஹெட், பிளாக் ரெண்டுலயும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சு 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு நுழையுதான்னு பாருங்க. நுழைஞ்சா முதல்ல அதை மட்டம் பண்ணிட்டு, அதுக்கு அப்புறம்தான் சிசி அளக்கணும்.

மேப்_மேசை

ஹெடர்: அதை வாங்காதீர்கள். இரண்டரை இஞ்ச் இந்த இன்ஜினுக்கு மிகப் பெரிது, சத்தம் மட்டும்தான் கூடும். 4-2-1 தான் நடுச்சுற்றுக்கு உதவும். முதல் குழாய்கள் உள்விட்டம் 35 மி.மீ. ஒட்டி, மெயின் பைப் 45 மி.மீ. போதும். நான்கும் சேர்ந்த இடத்துக்குப் பிறகு ஆக்சிஜன் சென்சார் வர வேண்டும். ஒரு குழாயில் மட்டும் வைத்தால் அந்த ஒரு சிலிண்டரை வைத்து மற்ற மூன்றுக்கும் ஈசியூ முடிவு செய்யும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். புகைச் சோதனையில் ஐடில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் வர வேண்டும், கழற்றிவிட்டு அந்த எண்ணை எட்டுவது கடினம். பழையது அடைத்திருந்தால் புதிது போடுங்கள், அதிலேயே மேல்சுற்று திறந்துகொள்ளும்.

நாலாங்கியர்

இன்ஜினுக்கு வெளியே மலிவாக ஒன்று இருக்கிறது. உங்கள் காரில் 175/70 ஆர்13 டயர் என்றால் வெளிவிட்டம் 575 மி.மீ. அதே வீலில் 185/60 ஆர்13 போட்டால் 552. எல்லா கியரும் நான்கு சதவீதம் குட்டையாகும், அதாவது சக்கரத்துக்குப் போகும் இழுவை நான்கு சதவீதம் கூடும், எடையும் பெரிதாக ஏறாது. ஸ்பீடோமீட்டர் அதே அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், தரையிடைவெளி 11 மி.மீ. குறையும், ஹெடர் செய்யும்போது இதையும் கணக்கில் வையுங்கள். 15 இஞ்ச் அலாய்க்குப் பணம் போடாதீர்கள், இன்ஜினில் சேர்த்ததை வீலில் தொலைப்பதுதான் அது.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் முகம் பாருங்கள். ரேடியேட்டரைத் திறந்து தண்டு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் வேண்டாம், குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் ஊற்றி புது போரைக் கழுவிவிடும். முன் டிஸ்க், பின் டிரம்தான் உங்களுக்கு. பிரேக் ஆயிலை டாட் 4-க்கு முழுவதும் மாற்றி, ரப்பர் ஹோஸ் நான்கும் புதிது போட்டு, நல்ல முன் பேட் போட்டபிறகு மேப்புக்குப் போங்கள்.

ஈரோடு_எஸ்டீம்

0.50 போர், 10.1 விகிதம், மிதமான கேம், 4-2-1, பிக்கிபேக், டயர் என்று முடிவு செய்துவிட்டேன். பணம் இழுத்தால் எதைத் தள்ளிப்போடலாம்? ரன்னிங்-இன் (புது வேலை செய்த இன்ஜினைப் பழக்குவது) எப்படி?

போரிங்_பட்டறை

தள்ளிப்போடறதா இருந்தா கேமைத் தள்ளிப் போடுங்க. பின்னாடி இன்ஜினை இறக்காமலே மாத்திக்கலாம், மாத்தினா களிமண் அளவும் மேப்பும் மறுபடி. பிளாக், ஹெட் மெஷினிங், ஆயில் பம்ப், மேப் இந்த நாலுலயும் கை வைக்காதீங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக் நாலையும் கழட்டி, ஆயில் லைட் அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல நிக்க விடாம 2,000 சுத்து ஒட்டி ஏத்தி இறக்கி, லீக் பார்த்துட்டு நேரா ரோட்டுக்கு எடுங்க. மூணாவது கியர்ல 2,500லிருந்து 4,500 வரைக்கும் முக்கால் ஆக்சிலரேட்டர், அப்புறம் காலை முழுசா எடுத்து இன்ஜின் பிரேக்ல இறங்க விடுங்க. இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. மெதுவா ஓட்டி ரிங் உட்காரும்னு நம்பாதீங்க, சிலிண்டர்ல அழுத்தம் வந்தாத்தான் ரிங் சுவரைப் பிடிக்கும். அதனாலயே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஒரு அடிப்படை மேப் போட்டிருக்கணும், இது வறட்சியா ஓட வேண்டிய நேரம் இல்லை.

மினரல் 20டபிள்யூ-40 ஆயில். 50 கி.மீ.ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பாருங்க. சாம்பல் நிறத் தூள் இயல்பு. காந்தத்துல ஒட்டாத, பளபளன்னு செதில் செதிலா வந்தா பேரிங், வண்டியை நிறுத்திடுங்க. 500 கி.மீ.ல குளிர்ந்த இன்ஜின்ல டேப்பெட் இடைவெளி பார்த்துட்டு, 1,000 முடிஞ்சு கம்ப்ரெஷன் அளந்து நாலு எண்ணையும் இங்க போடுங்க. நாலும் ஒரு கிலோவுக்குள்ள ஒத்து வந்தா கடைசி மேப்புக்கு எடுத்துட்டுப் போகலாம்.